கையில் கட்டினால் மட்டும் ஓடும்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ யாரிடமோ சொல்லி, கைமாறி, கால் முளைத்து வந்த கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டது. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். தெரிந்திருந்தால் அவள் கடை இன்னும் நன்றாக ஓடியிருக்கும்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோகும் விளக்கு என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அது ஒரு மூன்று மாடிக் கடைக் கட்டடம். கீழே, மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற இடத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. நடத்துகிறவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் வாட்ச் அக்கா. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள்.

அவள் புருஷனுக்கு அங்கே வைத்த பெயர் நாலுமணி மாமா. ஏன் என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். மனுஷன் எந்நேரமும் இடது கையில் நாலு வாட்ச் கட்டியிருப்பார். ஆனால் யாராவது மணி கேட்டால், "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று எதிர்க்கடையைப் பார்ப்பார். நாலில் எதை நம்புவது என்று அவருக்கே தெரியாது.

காரணம் இருக்கிறது. வாட்ச் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. செல் மாற்றிய வாட்ச்சை உடனே கொடுக்க மாட்டாள். "மேஜைல ஓடுறது வேற, கையில ஓடுறது வேற" என்பாள். மேஜையில் சமர்த்தாக ஓடும் வாட்ச், கையில் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் பொசுக்கென்று நின்றுவிடும். அதனால் ஒரு முழு நாள் யாராவது கட்டிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அவளே கட்டுவாள். இரண்டரை மாதமாக அது மாமாவின் வேலை.

மாமா அதற்கு முன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர். ஒருநாள் லிஃப்ட்டுக்குள்ளேயே கண் இருட்டி விழுந்தார். இதயம் நினைத்தபோது துடிக்கிறது, நினைத்தபோது ஓய்வெடுக்கிறது என்றார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள், இதயத்தைத் துடிக்கவைக்கிற பேஸ்மேக்கர் வைத்தார்கள். படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. வீட்டில் இரண்டு வாரம் உட்கார்ந்தார். அந்த இரண்டு வாரத்தில் மிக்ஸியைப் பிரித்தார், ஃபேனைப் பிரித்தார், பிரித்த எதையும் பூட்டவில்லை. தாங்க முடியாமல் அக்கா அவரைக் கடைக்குக் கூட்டிவந்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் வாட்ச்சைக் கட்டிவிட்டாள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம். பின்மூடி திறந்திருந்தால் வேலை நடக்கிறது, தொடக் கூடாது. பின்மூடி போட்டிருந்தால் வேலை முடிந்தது, எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"பேட்டரி பத்து வருஷம் வரும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாமா நிம்மதியாகத் தூங்கினார். அக்காவுக்குத்தான் தூக்கம் போயிற்று. மூன்று வருஷம் வரும் என்று அட்டையில் போட்டிருக்கும் செல், ஆறே மாதத்தில் மண்டையைப் போடுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் அவள். புருஷன் உயிர் ஒரு பேட்டரியில் ஓடுகிறது என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? பக்கத்தில் படுத்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். முதல் பரிசோதனை வியாழக்கிழமை. அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாட்ச் வந்தது செவ்வாய்க்கிழமை.

கொண்டுவந்தது இரண்டாவது மாடித் தையல்காரி. கடை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் அளவு டேப். அதிகம் பேச மாட்டாள்.

"ஓடணும்க்கா" என்று மேஜைமேல் வைத்தாள். ஆண்கள் கட்டுகிற வாட்ச். பழுப்பேறிய டயல், தோல் வார்.

"யாரோடது?"

"வீட்டுக்காரரோடது. அவரு இல்ல."

"இல்லன்னா... வெளியூரா?"

"போயிட்டாருக்கா. ரெண்டு வருஷம் ஆகுது."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வச்சுட்டுப் போம்மா. நாளைக்கு ஓட வச்சுக் குடுத்துடறேன்."

பின்மூடியைத் திறந்தாள். பழைய செல் செத்துப் போயிருந்தது. ஒழுகவில்லை, துரு இல்லை, உள்ளே சுத்தமாக இருந்தது. புதுச் செல்லை விரல் படாமல் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

ஓடவில்லை.

இதெல்லாம் அவளுக்கு அன்றாடம் நடப்பது. நேரம் திருத்தும் குமிழ் வெளியே இழுத்தபடி இருக்கிறதா என்று பார்த்தாள். அழுந்தித்தான் இருந்தது. செல்லை மீட்டரில் வைத்தாள், முழுசாகக் காட்டியது. செல்லைத் தொடும் தகட்டை ஊசியால் கொஞ்சம் தூக்கிவிட்டாள். அடியில் போடும் பிளாஸ்டிக் தாள் இடத்தில் இருந்தது. செல் போட்டதும் சில வாட்ச்சுகளைத் தட்டி எழுப்ப வேண்டும். இடுக்கியின் ஒரு முனையைச் செல்லிலும் மறு முனையை ரீசெட் புள்ளியிலும் ஒரு கணம் வைத்து எடுப்பார்கள். அதையும் செய்தாள். காயில் என்கிற கம்பிச்சுருளைச் சோதித்தாள், அறுந்துபோகவில்லை.

ஊஹூம். சக்கரம் சிக்கியிருந்தால் செகண்ட் முள் இருந்த இடத்திலேயே துடிக்கும். இது துடிக்கக்கூட இல்லை.

வேறு அட்டையிலிருந்து ஒரு செல் போட்டுப் பார்க்கலாம் என்று, போட்ட செல்லை வெளியே எடுத்து, பக்கத்தில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதற்குள் வைத்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆஸ்பத்திரி. படிக்கு அடியில் சிக்னல் கிடைக்காது. தூசி விழக் கூடாதே என்று பின்மூடியை மட்டும் அழுத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பழைய ரிப்போர்ட் வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது மேஜையில் வாட்ச் இல்லை.

மாமாவின் கையில் இருந்தது. நாலாவதாக.

டிக்... டிக்... டிக்...

"ஓடுதா?"

"ஓடாம? கட்டின உடனே ஓடிச்சு."

ரீசெட் கொஞ்சம் தாமதமாகப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாட்ச்சை எடுத்து லென்ஸை மாட்டிவிட்டாள். அவ்வளவுதான். மனுஷர்கள் மறக்கிற மாதிரி அவளும் ஒன்றை மறந்தாள். என்ன மறந்தோம் என்பது மறுநாள் மதியம்வரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தார்கள். அவள் அடுப்படியில் இருந்தாள், மாமா கூடத்தில். குழாயை மூடியதும் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்...

முதலில் சுவர்க் கடிகாரம் என்று நினைத்தாள். அவர்கள் வீட்டில் சுவர்க் கடிகாரமே கிடையாது. நாள் முழுக்க வாட்ச்சோடு மாரடிப்பவள் வீட்டிலும் ஒன்றை மாட்டிக்கொள்வாளா? கூடத்துக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். தையல்காரியின் வாட்ச்தான். இந்த மாதிரி வாட்ச் காதோரம் வைத்தால்தான் கேட்கும். இது சுவர் தாண்டிக் கேட்டது.

இன்னொன்றையும் கவனித்தாள். செகண்ட் முள் ஒவ்வொன்றாக நகரவில்லை. ஒரு இடத்தில் நின்றது. பிறகு இரண்டு செகண்டைச் சேர்த்துத் தாண்டியது. மறுபடி நின்றது. மறுபடி இரண்டு.

வாட்ச் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். செல் முடியப்போகிறது, சீக்கிரம் மாற்று என்று வாட்ச் தானே சொல்கிற அடையாளம் அது.

"காலையில போட்ட செல்லுங்க" என்றாள். "அதுக்குள்ளயா?"

"டூப்ளிகேட் செல் வித்துட்டானா அந்த ஆளு?"

கழற்றிப் பார்த்தாள். கையை விட்டு எடுத்த அந்த நொடி முள் நின்றது. திரும்பக் கட்டினாள், ஓடியது. கழற்றினாள், நின்றது.

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்படித்தான் நினைத்தாள். கையில் இறுக்கிக் கட்டும்போது பின்மூடி உள்பக்கமாக அழுந்தும். அழுந்தினால் செல் தகட்டில் ஒட்டும். கழற்றினால் விலகும். லூஸ் காண்டாக்ட்! இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று சிரித்தாள்.

சிரித்துவிட்டுச் சொன்னாள். "கழட்டாதீங்க. ராத்திரியும் கையிலயே இருக்கட்டும். எங்க நிக்குதுன்னு காலையில பாக்கலாம்."

இந்த வார்த்தையைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

மாமா அன்று பாதித் தட்டோடு கையைக் கழுவினார். ஏழரைக்கெல்லாம் படுத்துவிட்டார். நாலு வாட்ச்சும் கையில் இருந்தன. அக்கா அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே படுத்து, எப்போது தூங்கினாள் என்று தெரியாமல் தூங்கினாள்.

புதன்கிழமை காலை அவர் குரல் கேட்டு எழுந்தாள்.

"குருவி... கொஞ்சம் தண்ணி குடு."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். "இந்தா", "ஏய்", கோபம் வந்தால் "உன்னைத்தான்". இதைத் தவிர அவர் வாயில் வேறு பெயர் வந்ததே இல்லை.

"யாருங்க அந்தக் குருவி? இந்த வயசுல கொஞ்சல் வேறயா?"

"எந்தக் குருவி?"

"இப்பக் கூப்பிட்டீங்களே."

"நான் எங்க கூப்பிட்டேன்? தண்ணி கேட்டேன்."

முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

கடைக்கு வந்ததும் மற்ற மூன்று வாட்ச்சுகளைக் கழற்றினாள். மூன்றும் நின்றிருந்தன. திறந்து மீட்டரில் வைத்தாள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். மூன்றிலும் அந்த வாரம் போட்ட செல். அக்காவுக்கு வந்ததே கோபம்! செல் விற்கிறவனுக்கு போன் போட்டு, "எங்கிட்டயே கழிசடையைத் தள்ளிட்டியா? நீ நல்லா இருப்பியா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் சத்தியம் பண்ணினான். யார் கேட்டார்கள்?

தையல்காரியின் வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டிரண்டாக இல்லை. ஒவ்வொன்றாக, திடமாக, அழுத்தமாக.

டிக். டிக். டிக்.

நேற்று சாகக் கிடந்தது இன்றைக்கு எப்படித் தெம்பானது? கேள்வி வந்தது. ஆனால் அதற்குள் மாமா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்னங்க, என்ன செய்யுது? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"நாளைக்குத்தான் போறோமே. சும்மா அசதி. நீ வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தாள். ஆனால் ஒரு கண் அவர்மேலேயே இருந்தது. எடுத்த திருகாணியைக் கீழே போட்டாள். அதைத் தேடினாள். மறுபடி அவரைப் பார்த்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

மதியம் ஒன்று நாற்பது. கை கழுவிவிட்டு வந்தாள்.

நாற்காலி காலி.

"மாமா எங்க?"

எதிர்க்கடையில் போன் கவர் விற்பவன் மேலே கைகாட்டினான். "படியேறிப் போனாரேக்கா. கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்ல."

படியா? மூன்று மாதமாக அவர் ஒரு படிகூட ஏறியதில்லை. செருப்பைப் போடாமல் ஓடினாள். முதல் மாடி. இல்லை. இரண்டாவது மாடி...

தையல் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பார்த்தே இராத சிரிப்பு.

உள்ளே தையல்காரி எழுந்து நின்றிருந்தாள். மெஷின் நின்றிருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மாமா பேசினார். குரல் அவர் குரல்தான். பேச்சு அவருடையது இல்லை.

"குருவி... மெஷினுக்கு எண்ணெய் விட்டியா? சத்தம் கீழ வரைக்கும் கேக்குது."

தையல்காரியின் கையிலிருந்த கத்தரிக்கோல் மேஜைமேல் விழுந்தது.

"அக்கா... இவரு... இவருக்கு எப்படி..."

"என்னம்மா?"

"அது அவரு எனக்கு வச்ச பேருக்கா. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது."

மாமா நிலையோடு சரிந்து வாசலிலேயே உட்கார்ந்தார். அக்கா அவர் தலையைத் தாங்கிக்கொண்டாள். வாய் தானாகக் கேட்டது.

"உன் வீட்டுக்காரர் எப்படிப் போனாரு?"

"நெஞ்சுல பேட்டரி வச்சிருந்தாங்கக்கா. முடியப்போகுது, மாத்தணும்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தாரு. எனக்கு ஆர்டர் நிறைய இருந்துச்சு. இது முடியட்டும்னாரு. ஒருநாள் காலையில இந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டு அப்படியே..."

அவள் பார்வை மாமாவின் கையில் இருந்த வாட்ச்சுக்குப் போனது.

டிக். டிக். டிக்.

இப்போது அது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

அக்கா அவர் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி. வாருக்கு மேலே சாதாரணச் சூடு. வாருக்குக் கீழே பனிக்கட்டி.

கொக்கியை இழுத்தாள். வரவில்லை. ஆயிரம் வாட்ச் கழற்றிய கை. வரவில்லை.

உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"என்னங்க... இங்க பாருங்க... என்னங்க..."

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தமாக.

"கொஞ்ச நேரம்..." என்றார். "கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

கெஞ்சல்.

டிக். டிக்.

"கத்தரி!" அக்கா அலறினாள். "கத்தரியைக் குடு!"

தையல்காரி அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடும்மா! என் புருஷன் போயிடுவாரு!"

டிக்.

கத்தரி வந்தது. தோலும் வாரும் ஒன்றாகத் தெரிந்தன. நடுவே நுழைத்தாள். அழுத்தினாள்.

நறுக்.

வாட்ச் தரையில் விழுந்தது.

நின்றது.

சத்தமே இல்லை...

பிறகு அவர் ஒரு பெரிய மூச்சு இழுத்தார். தண்ணீரிலிருந்து எழுந்தவர் மாதிரி இருமினார். சுற்றிப் பார்த்தார்.

"ஏய்... நான் எப்படி மேல வந்தேன்?"

ஏய். அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இரண்டு பேர் பிடித்து அவரைக் கீழே இறக்கினார்கள். வண்டி கூப்பிட ஒருவன் ஓடினான். பையை எடுக்கக் கடைக்குள் நுழைந்தவளின் கையில் அந்த வாட்ச் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஏன் அந்த அவசரத்தில் திறந்து பார்க்கத் தோன்றியது என்றும் தெரியாது. கத்தி முனையை வைத்துப் பின்மூடியை நெம்பினாள்.

செல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டப் பள்ளம். அவ்வளவுதான்.

காலியாக இருந்தது.

மேஜை ஓரத்தைப் பார்த்தாள். கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம். அதற்குள், நேற்றுக் காலை அவள் எடுத்துவைத்த செல், வைத்த இடத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தையல்காரிதான் அன்றைக்குக் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் மாமாவின் நெஞ்சில் வட்டமான ஒன்றை வைத்து, திரையைப் பார்த்தான். இன்னொரு முறை வைத்தான். வேறு மெஷினைக் கொண்டுவந்து வைத்தான்.

"இது வச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு மாசம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பத்து வருஷ பேட்டரிம்மா இது. சுத்தமா தீர்ந்துபோயிருக்கு. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். அன்று சாயந்தரமே வேறொன்று வைத்தார்கள். மாமா பிழைத்துக்கொண்டார். இப்போதும் இருக்கிறார், வம்பு பேசுகிறார். கையில் மட்டும் ஒரு வாட்ச்கூட இல்லை. பழையபடி அக்காவே கட்டிப் பார்க்கிறாள், பின்மூடியை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதோ பழுதான மெஷின் என்று விட்டிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்கப் போனார்கள். அந்த டெக்னீஷியன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டான். எடுத்த பேஸ்மேக்கரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பழுது எதுவும் இல்லையாம்.

"அது எப்பெப்ப துடிப்பு குடுத்துச்சுன்னு உள்ளயே பதிவாகும்மா" என்றான். "உங்க வீட்டுக்காரருக்கு நிமிஷத்துக்கு அறுபதுன்னு வச்சிருந்தோம். மூணு மாசமும் சரியா அறுபதுதான். கடைசி நாள் காலையில இருந்து மட்டும் நூத்தி இருபது காட்டுது. ஆனா அவர் நெஞ்சு வாங்கினது அறுபதுதான். மிச்சம் அறுபது எங்க போச்சுன்னு எங்களுக்கும் புரியல. அப்படியே இருந்தாலும் ஒரு நாள்ல பேட்டரி தீராது."

நிமிஷத்துக்கு அறுபது என்றால் என்ன என்று வாட்ச் பார்க்கிறவளுக்கா தெரியாது? செகண்டுக்கு ஒன்று. மூன்று செல்லை ராத்திரியே தீர்த்துவிட்டு, விடிந்ததும் அது அடுத்த பேட்டரியைத் தேடிக்கொண்டது.

நேராகக் கடைக்கு வந்தாள். மேஜையில் அந்த வாட்ச்சைத் தேடினாள். அந்தக் குழப்பத்தில் அதை மறந்தே போயிருந்தாள். கிண்ணத்துக்குள் செல் இருந்தது. வாட்ச் இல்லை.

படியேறினாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரி நிமிர்ந்து சிரித்தாள். அவள் சிரித்து அக்கா பார்த்ததே இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. எலும்பும் தோலுமான இடது மணிக்கட்டில் அந்த வாட்ச் இருந்தது. அறுந்த வாருக்குப் பதில் துணியில் அவளே தைத்த பட்டை.

"கழட்டும்மா அதை."

"வேணாம்க்கா."

"அதுல செல் இல்ல. போட்டதை நான் அப்பவே எடுத்துட்டேன்."

"தெரியும்க்கா. தொறந்து பாத்துட்டுத்தான் கட்டினேன்."

அக்கா அந்த டயலைப் பார்த்தாள். முள் நின்றது. இரண்டு செகண்டைச் சேர்த்துத் தாண்டியது. நின்றது. மறுபடி இரண்டு.

"உனக்குத் தெரியாதும்மா... இப்படிக் குதிச்சா என்ன அர்த்தம்னு..."

தையல்காரி கையை மெதுவாக இழுத்து, மறு கையால் டயலைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமேக்கா" என்றாள்.